பஸ்ஸுக்குச் சக்கரம் வரைந்த நேரம்

என் தொழிலுக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் அமையவில்லை. கூட்டம் நடக்கும்போதே, பேசுகிறவர்கள் பேசப் பேச, பெரிய தாளில் அதைப் படமும் எழுத்துமாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கூட்டம் முடியும்போது தாளும் நிறைந்திருக்க வேண்டும். கல்லூரிக் கருத்தரங்கு, கம்பெனிப் பயிற்சி, தொண்டு நிறுவனங்களின் கலந்தாய்வு என்று திருச்சிக்குள் எங்கே கூப்பிட்டாலும் போவேன். ஒரு மண்டபத்து வாட்ச்மேன் நான் கோலம் போட வந்தவள் என்று நினைத்து வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். இன்னோர் இடத்தில் மெஹந்தி போடுகிற பெண் என்று நினைத்து மணப்பெண் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தென்னூரில் எங்கள் தெருவில் நான் கலர் பேனா வேலைக்குப் போகிற பிள்ளை. எம்.எஸ்ஸி. படிக்க வைத்தது இதற்குத்தானா என்று அத்தாவுக்கு இன்றுவரை ஒரு குறை உண்டு.

அதற்கு முன் ஏழு வருடம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்தேன். செம்பருத்திப் பூவை நீளவாக்கில் வெட்டினால் எப்படி இருக்கும் என்று நான் போர்டில் வரைந்தால், அடுத்த பீரியட் டீச்சரை அதை அழிக்கவிடாமல் பிள்ளைகள் மல்லுக்கட்டுவார்கள். கொரோனா சமயத்தில் அந்த வேலை போனது. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள் நான். ஆன்லைனில் ஒரு வகுப்பில் சேர்ந்து இதைக் கற்றுக்கொண்டேன்.

இந்த வேலையில் முகத்தைத் தாளுக்கும் முதுகைக் கூட்டத்துக்கும் கொடுத்து நிற்க வேண்டும். யார் பேசுகிறார்கள் என்பது தெரியாது, குரல் மட்டும் வரும். காது ஒரு வாக்கியம் முன்னால் போக, கை ஒரு வாக்கியம் பின்னால் வரும். அந்த இடைவெளியைச் சமாளிக்க நாங்கள் சில படங்களைக் கைப்பழக்கமாக வைத்திருப்போம். யோசனை என்றால் பல்பு, ஒற்றுமை என்றால் கைகுலுக்கல், இலக்கு என்றால் மலையுச்சியில் ஒரு கொடி. முகம் என்றால் ஒரு வட்டம், இரண்டு புள்ளி, கீழே வளைந்த கோடு. அழுகிற முகத்தை யாரும் அவ்வளவு வேகத்துக்குப் பழகுவதில்லை. கூட்டம் நடத்துகிறவர்களுக்கு அழுகிற முகத்தைச் சுவரில் மாட்ட ஆசை இருக்காது.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன். யார் பேசினாலும் ஒரு சொல் சிந்தாமல் பிடித்துவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்வேன். யாராவது தாளைப் பார்த்து நான் இப்படிச் சொல்லவில்லையே என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொன்னதைச் சுருக்கினால் அப்படித்தான் இருக்கும் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தி வந்த டயாலிசிஸ் மையத்துக்காக அழைப்பு வந்தது போன வருடம். ஆறு மெஷின்கள் கொண்ட சின்ன மையம் அது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். அறக்கட்டளை இப்போது காவிரி ஆற்றுக்கு இந்தப் பக்கம், டவுனில், இருபது மெஷின்களோடு பெரிய மையம் ஒன்று கட்டி முடித்திருந்தது. ஸ்ரீரங்கத்து மையத்தை மூடிவிட்டு எல்லோரையும் அங்கே மாற்றுவதாக யோசனை. அதற்கு முன் நோயாளிகளையும் குடும்பத்தாரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க விரும்பினார்கள். கூட்டத்தை ஏற்பாடு செய்த ஒருங்கிணைப்பாளர் பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. நல்ல மனுஷி. எங்கோ ஒரு கருத்தரங்கில் என் வேலையைப் பார்த்து மயங்கிப்போய், இதுவும் அப்படி அழகாக நடக்க வேண்டும் என்று என்னைப் பிடித்தார்.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் என் தாளை மேடைக்கு நடுவில் வைக்கச் சொன்னார். அறக்கட்டளைத் தலைவர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டியவர், ஸ்ரீரங்கத்துப் பழைய குடும்பம், நெற்றியில் திருமண். என் போனை மார்க்கர்கள் வைக்கும் தட்டில் வைத்து ரெக்கார்டரைப் போட்டுவிட்டேன். அது வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழக்கம். ஆனால் அதுவரை ஒரு பதிவையும் நான் திரும்பக் கேட்டதில்லை. தாள்தான் அங்கேயே முடிந்துவிடுகிறதே.

கூட்டம் நன்றாகவே போனது. புதிய மையத்தில் ஏசி உண்டா, டாக்டர் தினமும் வருவாரா என்று கேட்டார்கள். பதில்களைப் பச்சை மார்க்கரில் எழுதினேன். பிறகு ஒரு பெண் குரல், உரக்கப் பேசிப் பழக்கமில்லாத குரல். வீட்டுக்காரரைப் பஸ்ஸில் ஏற்றி ஆற்றைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போவதென்றால் என்று ஆரம்பித்தது. என் கை நீல மார்க்கரை எடுத்தது. நீளமாக ஒரு டவுன் பஸ். நான்கு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு தலை. சக்கரங்களுக்கு இரண்டிரண்டு வட்டம் போட்டால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும். முன்பக்க விளக்குகளைக் கண்களாக்கி, பஸ்ஸுக்கும் ஒரு சிரிப்பு வைத்தேன். பின்னால் யாரோ ரசித்துச் சிரிப்பது கேட்டது. பக்கத்தில் சேலை கட்டிய ஒரு முகம், வட்டம், புள்ளி, புள்ளி, வளைவு. மேலே 'போக்குவரத்து வசதி தேவை' என்று எழுதினேன். அப்போது தலைவர் வேன் ஏற்பாடு பண்ணிடலாம் என்றார். ஹால் முழுக்கக் கைதட்டல். பஸ்ஸிலிருந்து ஒரு அம்புக்குறி இழுத்து 'இலவச வேன்' என்று எழுதி நட்சத்திரம் போட்டேன். ஒரு பிரச்சினை, அதற்கு ஒரு தீர்வு, நடுவில் அம்பு. இதைவிட வேறென்ன வேண்டும் எங்கள் தொழிலில்?

முடிந்ததும் எல்லோரும் தாளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பதாகத் தலைவர் சொன்னார். தாளை லேமினேட் செய்து ஸ்ரீரங்கத்து மையத்தின் வாசலில் மாட்டினார்கள். அதன் படத்தை அறக்கட்டளையின் அறிக்கையிலும் போட்டு, பயனாளிகள் ஒருமனதாக ஒப்புதல் அளித்த கூட்டம் என்று கீழே அச்சடித்தார்கள். அதை நானும் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். இரண்டு கல்லூரிகளிலிருந்து கூப்பிட்டார்கள்.

மையத்தை மாற்றுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது ஒருங்கிணைப்பாளர் மறுபடி கூப்பிட்டார். பழைய மையத்துக்கு விடை கொடுக்க ஒரு தாள் வேண்டுமாம், நோயாளிகள் ஒவ்வொருவராக ஒரு வரி சொல்ல நான் வரைய வேண்டுமாம். வியாழக்கிழமை அளவெடுக்கப் போனேன். என் பழைய தாளின் முன்னால் ஒரு பெண் நின்று மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். முந்தானையில் சாம்பார்க் கறை. பக்கத்துத் தெருப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. பழைய பில் ஏதோ வாங்க வந்திருந்தார்.

"இதை வரைஞ்சது நீங்கதானேம்மா? நான் சொன்னது எங்க இருக்கு?" என்று கேட்டார்.

என்ன சொன்னீர்கள் அக்கா என்று கேட்டேன். வீட்டுக்காரரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவது பற்றிச் சொன்னதாகச் சொன்னார். எனக்கு உடனே நினைவு வந்துவிட்டது. பஸ்ஸைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த முகத்தையும் காட்டி, இது நீங்கள்தான் என்றேன். அவர் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"நான் சிரிக்கலையேம்மா," என்றார். பிறகு பஸ்ஸைப் பார்த்து, "பஸ்ஸும் கேக்கலையே."

எனக்கு வழக்கமான கோபம் வந்தது. பஸ் என்றுதானே சொன்னீர்கள், அதனால்தானே வேன் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். குரல் சற்று உயர்ந்தும் இருக்கலாம். அவர் வாதாடவில்லை. சரிம்மா, அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருந்த சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. அந்த அம்மா பஸ் என்று சொன்னதை நானே எனக்கு நிரூபித்துக்கொள்ள வேண்டும் என்ற வீம்பில்தான் இயர்போனை மாட்டி அன்றைய பதிவைத் தேடினேன்.

பஸ் என்ற சொல் இருந்தது. அதற்குப் பிறகு கீச், கீச் என்று என் மார்க்கரின் சத்தம். போனை மார்க்கர் தட்டில்தானே வைத்திருந்தேன். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் அவர் குரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டி, காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"...பஸ்ஸோ காரோ, அது இல்லைங்க விஷயம். அவருக்குக் கண்ணும் தெரியாது, தனியா அனுப்ப முடியாது. இங்கன்னா ஆறு மணிக்கு விட்டுட்டு ஸ்கூலுக்குப் போயி அடுப்புப் பத்த வெச்சிருவேன். பத்து மணிக்கு ஓடியாந்து வீட்டுல விட்டுட்டு, திரும்பிப் போயி சோறு வடிச்சிருவேன். சிஸ்டருங்க பாத்துக்குவாங்க. அங்க கூட ஒருத்தர் கடைசிவரைக்கும் உக்காந்திருக்கணும்ங்கறாங்க. திரும்பிவர பன்னெண்டு மணியாயிரும். அறுபது புள்ளைங்க சாப்பிடணும். ஒண்ணு நான் வேலையை விடணும், இல்லைன்னா அவரை விடணும்."

பிறகு யாரோ ரசித்துச் சிரிக்கும் சத்தம். பஸ்ஸின் சிரித்த முகத்துக்கான சிரிப்பு அது. உடனே தலைவரின் குரல்: "வேன் ஏற்பாடு பண்ணிடலாம், கவலையே படாதீங்கோ." கைதட்டல்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இன்னும் இரண்டு தடவை கேட்டேன். நான் சக்கரம் வரைந்துகொண்டிருந்த நேரம் அது. சக்கரத்துக்கு இரண்டாவது வட்டம் போட்டபோது அவர் அறுபது பிள்ளைகளைச் சொல்லியிருக்கிறார். கண்ணுக்கும் சிரிப்புக்கும் ஆன நேரத்தில் வேலையையும் புருஷனையும் சொல்லி முடித்திருக்கிறார். நான் மட்டுமா கேட்கவில்லை? ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். தாளை நடுவில் வைத்துவிட்டதால் எல்லோருடைய கண்ணும் என் கையில் இருந்தது. தலைவர் பதில் சொன்னது அந்த அம்மாவுக்கு என்று நினைத்தேன். அவர் என் பஸ்ஸுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அங்கிருந்தே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, எல்லாம் கையெழுத்தாகி முடிந்துவிட்டது, வேனுக்கும் பேசியாகிவிட்டது, ஒருத்தருக்காக எதையும் நிறுத்த முடியாது என்றார். "நீ வரைய வந்த, நல்லாவே வரைஞ்ச. அதோட உன் வேலை முடிஞ்சுதும்மா," என்றார். அதட்டிச் சொல்லவில்லை, தேறுதலாகத்தான் சொன்னார். அறக்கட்டளை உறுப்பினர்களின் கூட்டம் இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு இருக்கிறது, அதையும் நீதான் வரையப்போகிறாய், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று சேர்த்துச் சொன்னார்.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. ஊரில் பாதிக் கமிட்டிகளில் அந்தத் தலைவர் இருக்கிறார். அவர் முகம் சுளித்தால் எனக்கு வேலை வருகிற வழி அடைபடும். மஸ்கட்டுக்குப் பேசியபோது, உன் தப்பு இல்லையே, அவர்கள்தானே முடிவு செய்தார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை போய் விடைகொடுக்கும் தாளையும் வரைந்து கொடுத்தேன். அந்த அக்கா வரி சொல்ல வரவில்லை. வராததில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதும் உண்மை. திங்கட்கிழமை ஸ்ரீரங்கத்து மையத்தைப் பூட்டினார்கள்.

எங்கள் வீட்டில் அமானிதம் என்ற சொல்லை அடிக்கடி கேட்டு வளர்ந்தேன். பக்கத்து வீட்டார் ஹஜ்ஜுக்குப் போகும்போது நகையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனால், அவர்கள் திரும்பும்வரை அம்மாவுக்குத் தூக்கம் வராது. அது அமானிதம், ஒப்படைத்துப் போனதை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரு திருகாணி குறைந்தாலும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்பார். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல் என்னைத் தொழவும் விடவில்லை, சாப்பிடவும் விடவில்லை. அந்த அக்கா எழுந்து நின்று ஹால் நடுவில் தன் வீட்டு நிலைமையை ஒப்படைத்திருக்கிறார். நான் அதை எங்கே தொலைத்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை மையத்துச் சிஸ்டருக்குப் போன் செய்தேன். முதல் நாள் லீவு போட்டுவிட்டு அந்த அக்கா புருஷனை வேனில் அழைத்து வந்தாராம். புதன்கிழமை அவர்கள் வரவில்லை. பள்ளியில் அதிகாரிகள் பார்வைக்கு வருகிற நாள், லீவு கிடைக்கவில்லை. ஒரு நாள்தானே, பரவாயில்லை, நீ போ என்று புருஷனே சொல்லிவிட்டாராம். அதோடு வெள்ளிக்கிழமையும் போக மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறார், தன்னால் வேலை போகக் கூடாது என்று. அன்று சாயங்காலம் உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு முட்டி, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐசியூவில் வைத்திருக்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னார்.

இல்லைன்னா அவரை விடணும் என்று அந்த அக்கா சொன்னது சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. அந்த மனிதர் அந்த இரண்டில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்துவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். ஒரு மனிதர் ஐசியூவுக்குப் போன பிறகு வந்த தைரியத்தைப் பற்றிப் பெருமையாக எழுத ஒன்றும் இல்லை.

மறுநாள் உறுப்பினர்கள் கூட்டம். ஒன்பது பேர், நீள மேஜை, எல்லோருக்கும் ஃபில்டர் காபி. நான் தாளை ஒட்டினேன். ஒருங்கிணைப்பாளர் வரவேற்றுப் பேச எழுந்தபோது, எனக்கு மூன்று நிமிஷம் வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. வேண்டாம்மா என்று கண்ணாலேயே சொன்னார். நான் போனை மேஜை நடுவில் வைத்தேன். அன்றைய கூட்டத்தில் ஒருவர் சொன்னதை நான் தவறாக வரைந்துவிட்டேன், அதைத் திருத்த வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டினேன்.

முதல் தடவை மார்க்கர் சத்தத்தில் அவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தரம் போடுங்கோ," என்றார்.

இரண்டாம் தடவை எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் அவருடைய குரலே வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைதட்டல் முடியும்வரை திறக்கவில்லை. நான் தாளில் படம் எதுவும் போடாமல், அந்த அக்கா சொன்னது முழுவதையும் கறுப்பு மார்க்கரில் சொன்னபடியே எழுதினேன். அவருடைய வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதையும் திரும்பி நின்று சொன்னேன். உறுப்பினர் ஒருவர், வேன் கேட்டதாகத்தானே ரிப்போர்ட்டில் இருக்கிறது என்று ஆரம்பித்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவா முழுசா சொல்லியிருக்கா. நான் எதிர்ல உக்காந்துண்டு படத்தைப் பாத்துண்டிருந்திருக்கேன். பெரிய அபசாரம்," என்றார்.

அதன் பிறகு எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் பழைய பிளான்ட் பழுதாகியிருந்தது, அதுதான் மையத்தை மூட முதல் காரணமே. அதைச் சரிசெய்ய முடியுமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருங்கிணைப்பாளர்தான், ஆச்சரியம், எழுந்து நின்று மற்ற நோயாளிகளையும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்க் கேட்டுவருவதாகச் சொன்னார். பேங்க்காரர் இல்லையா, சொன்னபடி நான்கே நாளில் கேட்டு முடித்தார். அப்படித் துணைக்கு ஆள் இல்லாதவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். மற்ற நான்கு பேரும் கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள். இந்த ஐந்து பேருக்காக ஸ்ரீரங்கத்திலேயே இரண்டு மெஷின்களை வைத்து நடத்துவது என்று முடிவானது. பிளான்ட் சரியாகி மையம் திறக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் சம்பளமில்லாத லீவில் அந்த அக்கா புருஷனோடு ஆற்றைத் தாண்டினார். அவர் ஐசியூவிலிருந்து பிழைத்து வந்துவிட்டார். ஆனால் முன்போல் நடக்க முடியவில்லை, பிடித்துக்கொண்டுதான் நடத்த வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்த அறக்கட்டளையிலிருந்து அதன் பிறகு அழைப்பு வரவில்லை. கோபித்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். என்னைப் பார்த்தால் அவர்களுக்கும் சங்கடமாக இருக்கும்.

இரண்டு மெஷின்கள் திறந்த முதல் நாள் நானாகத்தான் போனேன். யாரும் கூப்பிடவில்லை. காலை ஆறு மணிக்கு அந்த அக்கா புருஷனைத் தோளோடு அணைத்து, படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கச் சொல்லிக் கூட்டி வந்தார். இன்னொரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஒல்லியான மனிதர், யாரு என்று கேட்டார். டீச்சர் என்றார் அக்கா, நான் டீச்சராக இருந்ததை யார் அக்காவுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. படுக்கையில் படுக்கவைத்து, சிஸ்டர் எடை பார்த்து, ஊசி போட்டு, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு நாங்கள் இருவரும் வெளியே வந்தோம்.

வாசலில் என் லேமினேட் செய்த தாளைக் கழற்றியிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். சக்கரம் வரைந்துகொண்டிருந்ததைச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து பதிவைக் கேட்டதைச் சொன்னேன். தெரிந்த பிறகும் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன், அதுதான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். அவர் பேச்சை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"நீங்க போயிச் சொன்னதுனாலதான் தொறந்தாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. நல்லா இருங்கம்மா," என்றார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியவர், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினார். கோபம் கொஞ்சமும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. நான் எந்திரிச்சு நின்னு அவங்க எதிர்லதான் சொன்னேன். அப்ப விழாதது, உங்க போன் சொன்னப்ப மட்டும் எப்படிம்மா காதுல விழுந்துச்சு?"

பிறகு, அடுப்பு மூட்ட நேரமாகிவிட்டது, பத்து மணிக்கு வந்துவிடுவேன் என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் இருக்கும் தெருப்பக்கம் வேகமாக நடந்து போனார்.